மாநிலங்களும் மனித வளர்ச்சியும்

ஒரு நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்து, அதன் உயர்வு தாழ்வைக் கூறுவது நெடுநாளைய வழக்கம். மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பவற்றை அவ்வெண் உணர்த்தாது. இக்குறையை நீக்கும் பொருட்டு, பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியால், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990ஆம் ஆண்டில் மனித வளர்ச்சிக் குறியீட்டை வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் ஒருங்கே அளப்பது அது.

எனினும், பரந்த நாடு ஒன்றை ஒரே எண்ணில் அடக்கும்போது இவ்வளவுகோலும் போதாது. ஆற்றின் சராசரி ஆழம் முழங்காலளவு என்று நம்பி இறங்கியவன், நடுவிலுள்ள மடுவில் மூழ்கக்கூடும் அல்லவா?

நம் பாரத நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை, நாடு முழுமைக்கும் 28. கேரளத்தில் அத்தொகை 6. மத்தியப் பிரதேசத்திலோ 43. கேரளத்தின் நிலை அங்கும் வாய்த்திருப்பின், ஆயிரத்துக்கு 37 குழந்தைகள் பிழைத்திருக்கும்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் செல்வம் மட்டுந்தானா? அன்று. 1970களில் கேரளத்தின் தனிநபர் வருமானம் நாட்டுச் சராசரிக்கும் குறைவாகவே இருந்தது. ஆயினும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் அது முன்னின்றது. 1817ஆம் ஆண்டிலேயே, கல்விச் செலவை அரசு ஏற்கவேண்டுமென்று திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டார். பின்னர், ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் பள்ளிக் கதவு திறக்க வேண்டுமென்று அய்யன்காளி போராடினார். கற்ற தாய்மார் குழந்தையின் நோயைக் காலத்தே உணர்ந்து மருத்துவமனையை நாடினர். மாறாக, வளம் மிக்க அரியானாவில், 2011ஆம் ஆண்டில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 879 பேரே இருந்தனர்.

பழமையான தொடக்கம் இல்லாத பகுதிகள் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. மலைச்சரிவுகளில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் இமாசலப் பிரதேசம் 1971இல்தான் தனி மாநிலமாயிற்று. ஊர்தோறும் பள்ளிகளைப் பெருக்கியதன் பயனாக, 2011இல் அதன் எழுத்தறிவு நூற்றுக்கு ஏறத்தாழ 83 ஆயிற்று. நாட்டின் சராசரி அப்போது 73.

ஆகவே, மாணவர்களே, நாட்டின் வளர்ச்சியைக் குறிக்கும் எண் ஒன்றைக் காணுந்தோறும், அது எந்த மாநிலத்தில் எவ்வளவு, எந்த மாவட்டத்தில் எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு என்று வினவுங்கள். எந்த ஊருக்குப் பள்ளி வேண்டும், எந்த ஊருக்கு மருத்துவர் வேண்டும் என்பது அப்போதுதான் புலப்படும்.