கினபாலு மலை ஏறத் திட்டமா? உடற்பயிற்சி மட்டும் போதாது, ஓர் இரவு கூடுதலாக வேண்டும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "இந்த முறை ஷாப்பிங் வேண்டாம், மலை ஏறலாமா?"

அடுத்த நிமிடமே பலருக்கும் நினைவுக்கு வருவது சபாவின் கினபாலு மலை. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். கயிறு கட்டி ஏறிப் பழகியிருக்க வேண்டியதில்லை. நல்ல உடல்நிலை இருந்தால் உச்சி வரை நடந்தே போகலாம். அங்கிருந்து பார்த்தால் மேகம் காலுக்குக் கீழே தெரியும்.

எளிதாகத் தெரிகிறது, இல்லையா? அங்கேதான் கவனம் வேண்டும்.

மலையின் உயரம் 4,095 மீட்டர். கடற்கரை நகரான கோத்தா கினபாலுவிலிருந்து கிளம்பி, இரண்டே நாளில் அந்த உயரத்தைத் தொடுகிறோம். கால் தாங்கும். ஆனால் மூச்சும் மூளையும் அவ்வளவு வேகமாகப் பழகுமா?

பயணத்தைத் திட்டமிடும்போது தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

மலைப் பயணம் எப்படி இருக்கும்?

கோத்தா கினபாலுவிலிருந்து கினபாலு பூங்காவுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சுமார் 2 மணி நேரம் ஆகும். பூங்காத் தலைமையகமே கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

முதல் நாள்: திம்போஹோன் நுழைவாயிலில் (1,866 மீட்டர்) காலையில் நடை தொடங்கும். காட்டு வழியாக 6 கிலோமீட்டர். வழி நெடுகப் படிகளும் பாறைகளும்தான். பிற்பகலில் பனலபான் தங்குமிடம் வந்துவிடும். அதன் உயரம் சுமார் 3,270 மீட்டர்.

இரண்டாம் நாள்: அதிகாலை 2 மணிக்கே எழுப்பிவிடுவார்கள். இருட்டில், கயிற்றைப் பிடித்தபடி வெறும் கருங்கல் பாறையில் ஏற வேண்டும். சாயாட் சாயாட் சோதனைச் சாவடியைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் கடக்க வேண்டும். தாமதமானால் திரும்பச் சொல்லிவிடுவார்கள். சூரியன் உதிக்கும் நேரத்தில் லோ சிகரம். பிறகு அதே நாளில் திம்போஹோன் வரை இறக்கம்.

ஆக, இரண்டாம் நாள் ஏறுவது 800 மீட்டருக்குச் சற்று அதிகம், இறங்குவது 2,200 மீட்டருக்கும் மேல். "ஏறும்போது மூச்சு போகுது, இறங்கும்போது முட்டி போகுது" என்று போய்வந்தவர்கள் சொல்வது சும்மா இல்லை.

நான் தினமும் ஓடுகிறேன். அது போதாதா?

உதவும். ஆனால் போதாது.

4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வாயு அதே அளவு குறைகிறது. உடல் அதற்குப் பழக நேரம் எடுக்கும்.

அந்த நேரத்தைக் கொடுக்காமல் ஏறினால் வருவதுதான் உயர மலை நோய். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். இளையர், முதியவர், ஓட்டப்பந்தய வீரர் என்று அது பார்ப்பதில்லை. சொல்லப் போனால், உடல் வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சில நேரங்களில் அவர்களே முதலில் சிக்குவதும் உண்டு.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

- தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சாப்பாடே வேண்டாம் என்ற உணர்வு: மேலே ஏறுவதை நிறுத்துங்கள். வழிகாட்டியிடம் சொல்லுங்கள். ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் இறங்குங்கள்.
- நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல், ஓயாத இருமல்: இது ஆபத்து. உடனே இறங்க வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது.

தலைவலி மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஏறுவது தவறான யோசனை. வலி மறையும், காரணம் மறையாது.

உயர மலை நோயைத் தடுக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு: அசெட்டசோலமைடு. எல்லாருக்கும் அது ஒத்துக்கொள்ளாது. 'சல்ஃபா' மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களும் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் எத்தனை நாள் ஒதுக்குவது?

வெள்ளிக்கிழமை இரவு விமானம், சனிக்கிழமை காலை மலை, ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு. விடுப்பு மிச்சம்! ஆனால் உடலுக்கு இதைவிட மோசமான அட்டவணை இருக்க முடியாது.

முடிந்தால் 5 நாள் ஒதுக்குங்கள்:

- நாள் 1: கோத்தா கினபாலு சென்று, அன்றே பூங்கா அல்லது குண்டசாங் பகுதிக்குப் போய்த் தங்குங்கள்.
- நாள் 2: பூங்காவின் சிறு காட்டுப் பாதைகளில் மெதுவாக நடங்கள். தாவரவியல் தோட்டத்தைப் பாருங்கள். நிறையத் தண்ணீர், நேரத்தோடு தூக்கம். மது வேண்டாம்.
- நாள் 3: பனலபான் வரை ஏற்றம்.
- நாள் 4: உச்சி, பிறகு இறக்கம். இரவு அடிவாரத்திலேயே தங்கல்.
- நாள் 5: போரிங் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துவிட்டு விமான நிலையம்.

விடுப்பு கிடைக்கவில்லையா? ஏறுவதற்கு முன் ஓர் இரவாவது பூங்கா அருகில் உறங்குங்கள். கடல்மட்டத்தில் உறங்கிவிட்டு அடுத்த இரவே 3,270 மீட்டரில் உறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

இறங்கிய அன்றே விமானம் ஏறும் திட்டமும் வேண்டாம். மழை, கால்வலி, மெதுவாக வரும் குழு உறுப்பினர் என ஏதோ ஒன்று தாமதமாக்கும். விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரப் பாறையில் வேகமாக இறங்குபவர்தான் வழுக்கி விழுகிறார்.

எப்போது முன்பதிவு செய்வது?

பனலபானில் படுக்கைகள் குறைவு. படுக்கை உறுதியானால்தான் இரண்டு நாள் பயணத் திட்டமும் உறுதியாகும். எனவே மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பள்ளி விடுமுறைக் காலம் என்றால் இன்னும் சீக்கிரம்.

ஏறுவதற்கு அனுமதியும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். முகவரிடம் பணம் கட்டும் முன் அனுமதி, வழிகாட்டி, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து ஆகியவற்றில் எதெல்லாம் கட்டணத்தில் அடக்கம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பருவநிலை? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பொதுவாக மழை சற்றுக் குறைவு. ஆண்டிறுதி விடுமுறையில் போனால் நனையத் தயாராக இருங்கள்.

இணையத்தில் பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அவற்றில் வரும் மெசிலாவ் பாதை 2015 நிலநடுக்கத்தில் சேதமடைந்து மூடப்பட்டது. அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

தீபகற்ப மலேசியாவிலிருந்து போகிறவர்களும் சபாவில் குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். அடையாள அட்டையை மறந்துவிடாதீர்கள்.

வீவக புளோக்கில் பயிற்சி செய்ய முடியுமா?

தாராளமாக. புக்கிட் தீமா குன்றின் உயரம் சுமார் 164 மீட்டர்தான். ஆகவே படிக்கட்டுதான் நமக்கு மலை.

ஒரு கணக்கு: முதல் நாள் ஏறும் உயரம் சுமார் 1,400 மீட்டர். 12 மாடி புளோக்கின் படிகளை ஏறத்தாழ 40 முறை ஏறுவதற்குச் சமம். ஒரே நாளில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். 2, 3 மாதத்துக்கு முன்பே தொடங்கி, வாரம் மூன்று முறை, முதுகுப் பையில் சில கிலோ எடையோடு படி ஏறுங்கள். மின்தூக்கியில் இறங்காமல் படியிலேயே இறங்கியும் பழகுங்கள். முட்டிக்கு அதுதான் பயிற்சி.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே 30 டிகிரி என்றால் உச்சியில் 5 டிகிரியை ஒட்டி இருக்கலாம். காற்று அடித்தால் இன்னும் குளிரும்.

- தலையில் மாட்டும் விளக்கு, கூடுதல் மின்கலம்
- நல்ல பிடிப்புள்ள காலணி (புதிதாக வாங்கியதை மலையில் முதன்முறை போட வேண்டாம்)
- மழைக்கோட்டு, குளிர் உடை, கையுறை, குல்லா
- மாற்றுக் காலுறை, மாற்று உடை (பிளாஸ்டிக் பையில் சுற்றியது)
- தண்ணீர், இனிப்பு, கொட்டை வகைகள்
- நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து

பயணக் காப்புறுதியையும் பாருங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதையும் கயிறு பயன்படுத்தும் நடவடிக்கைகளையும் சில திட்டங்கள் ஏற்பதில்லை. கம்பிவடம் பிடித்துப் பாறையில் செல்லும் 'வியா ஃபெராட்டா' போகிறீர்கள் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

வழிகாட்டி 'திரும்பலாம்' என்றால்?

திரும்புங்கள்.

2015 ஜூன் 5ஆம் தேதி காலை 6.0 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் கினபாலுவை உலுக்கியது. 18 பேர் மாண்டனர். அவர்களில் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 7 பேரும் ஆசிரியர்கள் இருவரும் அடங்குவர். சிங்கப்பூர் அதை மறக்கவில்லை. மலை வழிகாட்டிகளும் அன்று உயிரிழந்தனர். மலையில் சிக்கிய பலரைக் கீழே அழைத்துவந்ததும் வழிகாட்டிகள்தான்.

நிலநடுக்கத்தை யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. மழை, வழுக்கும் பாறை, உங்கள் முகத்தில் தெரியும் சோர்வு ஆகியவற்றை அவர்களால் படிக்க முடியும். காடாசான்-டூசுன் மக்களுக்கு இந்த மலை முன்னோர்களின் ஆன்மா உறையும் புனித இடம். அங்கே பிறந்து வளர்ந்தவரின் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள்.

கிளம்பும் முன்பே குழுவில் ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள்: ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரோடு யார் இறங்குவது? வீட்டிலேயே இதைப் பேசிவிட்டால், மலையில் "என்னால உங்க எல்லாருக்கும் சிரமம்" என்று யாரும் வலியை மறைக்க மாட்டார்கள்.

உச்சிக்குப் போகாதவர்களுக்கு?

குடும்பத்தில் எல்லாரும் ஏற வேண்டும் என்பதில்லை. பூங்காவின் காட்டுப் பாதைகள், போரிங்கில் மரங்களுக்கு மேலே தொங்கும் நடைபாலம், சிறுவர்களோடு போகக்கூடிய கியூலு ஆற்றுப் படகுச் சவாரி, குண்டசாங் போர் நினைவிடம் என்று இரண்டு நாள் நன்றாகவே போகும். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது உச்சி மட்டுமல்ல, முழுப் பூங்காவும்தான்.

உச்சியைத் தொட முடியாமல் திரும்பினாலும் வருத்தம் வேண்டாம். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் போகலாம்.