ஊற்று பேசலாம், பம்பு பேசலாமா?

நாடக மேடையில் நீரூற்று கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கதாநாயகி மெல்லப் பேசும் கட்டத்தில் அதன் பம்பு ‘ஙொய்’யென்று இரைந்தால் நாடகம் என்னாவது?

பம்பு ஓடும்போது ஒலிபெருக்கியை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் நீடித்தால், அதிர்வு பலகையில் ஏறி, மேடையே மத்தளமாகிறது என்று பொருள். நீர்மூழ்கிப் பம்பு முழுதும் மூழ்கியிருக்கட்டும். தொட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை போடுங்கள்.

இரைச்சல் ஓய்ந்துவிட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் மைக் கம்பியில் புகுந்திருக்கிறது. மின்கம்பியை விலக்கிக் கொண்டுபோங்கள். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

முனகலை ஒழிக்க ‘எர்த்’ கம்பியையே கழற்றிவிடுவோரும் உண்டு. வேண்டாம் அந்த விஷப்பரீட்சை! ஈர மேடையில் நடிகரின் உயிரைக் காப்பது அந்தக் கம்பிதான். மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் விசையும் அதற்குத் துணை நிற்கட்டும்.