மழை மாதங்களில் பழமும் கீரையும்



குளிர்காலத்திற்கு ஏற்ற உணவைப் பற்றிப் பேசும்போது, பூச்சோங்கில் வாழும் நமக்குக் குளிர்காலம் ஏது என்று கேட்கத் தோன்றும். நமக்குக் குளிர் என்றால் மழைதான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பல மாலைகளில் இடியுடன் மழை கொட்டுகிறது. வீட்டில் யாராவது ஒருவர் தும்மத் தொடங்குகிறார்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? கொய்யா குளிர்ச்சி என்று சொல்லிப் பிள்ளைகளின் கையிலிருந்து பழத்தை வாங்கி வைத்துவிடுகிறோம். காய்ச்சல் கண்டதும் கடைக்கு ஓடி ஆப்பிள் வாங்கி வருகிறோம். இவை சரிதானா என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

சளியைத் தருவது பழமல்ல. வைரஸ் என்னும் நுண்கிருமி. அது தும்மலாலும் கைகளாலும் பரவுகிறது. நோயை எதிர்க்க உடலுக்கு வேண்டிய சத்துகளுள் ஒன்று வைட்டமின் 'சி'. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. பப்பாளியில் சுமார் 60, ஆரஞ்சில் சுமார் 50. ஆப்பிளிலோ 5 மில்லிகிராம் அளவே! ஆப்பிள் கெடுதல் செய்வதில்லை. ஆனால் கொடுக்கும் விலைக்கு இச்சத்து அதில் குறைவு. கொய்யா தின்றால் சளியே வராது என்பதும் சரியாகாது. மழையைக் காரணம் காட்டி அதை ஒதுக்கினால் நட்டம் நமக்கே.

இனி, கீரையைப் பார்ப்போம். தோட்டப்புறத்தில் நம் பெற்றோர் லயத்து ஓரத்தில் முருங்கை நட்டு வளர்த்தார்கள். பூச்சோங்கின் ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. நாமும் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டோம். ஆயினும் முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கங்குங், சர்க்கரைவள்ளிக் கீரை ஆகியவை இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. மழையால் கேமரன் மலைக் கோசும் தக்காளியும் விலை ஏறும் நாட்களில் இவையே கைகொடுக்கும்.

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் 'சி' துணை செய்கிறது. ஆகவே கீரைச் சோறு உண்டபின் இரண்டு துண்டு கொய்யா தின்பது நல்லது. கீரையைக் கழுவிய பின்பே நறுக்க வேண்டும். சிறிதளவு நீரில், சிறிது நேரமே வேகவைக்க வேண்டும். வெந்த நீரைக் கொட்டினால் சத்தும் அதனுடன் போய்விடும்.

அடுத்த முறை மழை பெய்யும்போது பிள்ளை கொய்யா கேட்டால் மறுக்க வேண்டாம். நன்றாகக் கழுவி, நறுக்கிக் கொடுப்போம். நாமும் ஒரு துண்டு எடுத்துக்கொள்வோம்.