4கே டிவி வாங்கியும் படம் மங்கலா? சந்தேகங்களும் விளக்கங்களும்

தென்காசி வட்டாரத்தில் பல வீடுகளில் சுவரில் இருப்பது புது ஸ்மார்ட் டிவி. அதற்குப் படம் கொண்டுவருவதோ பழைய கேபிள் பெட்டி. குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஸ்மார்ட் டிவி வாங்கியாச்சு. இனி செட்டாப் பாக்ஸ் எதற்கு?

வழக்கம்போல கேபிளில் சீரியலும் செய்தியும் பார்க்க அது வேண்டும். கேபிளில் சேனல்கள் பூட்டியே வருகின்றன. அந்தப் பூட்டைத் திறப்பது பெட்டிதான். ஸ்மார்ட் டிவி தானாகக் காட்டுவது இணையத்தில் வருவதை மட்டும். அரசு கேபிள் 2017 முதல் இலவசமாகக் கொடுத்த பெட்டி அந்த நிறுவனத்தின் சொத்து. இணைப்பு வேண்டாம் என்றால் ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய டிவியை விட 4கே டிவியில் கேபிள் படம் மங்கலாகத் தெரிகிறதே?

டிவியில் குறை இல்லை. 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். சாதாரண எஸ்டி சேனலில் 720க்கு 576, சுமார் 4 லட்சம்தான். ஒரு புள்ளியை இருபதாக இழுத்துப் பரப்பினால் மங்கத்தான் செய்யும். டிவியின் பின்பக்கம் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனை வயர் செருகியிருந்தால் எச்டி தரம் அதன் வழியே வராது. பெட்டி எச்டியாக இருந்து, எச்டிஎம்ஐ வயரும் போட்டு, எச்டி சேனலுக்கும் பணம் கட்டியிருந்தால்தான் படம் தெளியும்.

குற்றால சீசனில் டிஷ் படம் அடிக்கடி போகிறது. மலை மறைக்கிறதா?

இல்லை. மலை மேற்கே, நம் ஊரில் டிஷ் பார்ப்பது தென்கிழக்கு வானத்தை, அதுவும் நல்ல உயரத்தில். சுமார் 36,000 கிலோமீட்டர் மேலேயிருந்து வரும் சிக்னலை மழைத்துளிகள் உறிஞ்சுவதுதான் காரணம். கனமழையில் போன படம் மழை விட்டதும் தானே வந்துவிடும். வெறும் சாரலுக்கே போனால், காற்றில் டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கலாம். அல்லது வயர் முனையில் ஈரம் இறங்கிச் செம்பில் பச்சை பூத்திருக்கலாம். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மழையில் மொட்டை மாடி ஏற வேண்டாம்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடிடி பார்க்கலாமா?

பார்க்கலாம், டேட்டாதான் தாங்காது. 4கே தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை ஆகும். தினம் ஒன்றரை ஜிபி திட்டம் ஒரு படத்துக்கே காணாது. வீட்டு பிராட்பேண்ட் இல்லாதவர்கள் 4கேக்கென்று கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

மாதக் கட்டணமே இல்லாமல் வழி உண்டா?

தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004இல் தொடங்கியது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு செய்தால் போதும். 2024 வரை பொதிகை என்ற பெயரில் வந்த டிடி தமிழ் இதில் உண்டு. சன், விஜய் போன்ற கட்டணச் சேனல்களை எதிர்பார்க்காதீர்கள்.

டிவி பழுது, கடைக்காரர் கைவிரிக்கிறார். என்ன செய்வது?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. எதற்கும் ஆதாரம் வேண்டும்: பில் இல்லாமல் டிவி வாங்காதீர்கள், வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.