ரயிலில் பின்தொடர்ந்த கார்த்திக்

கல்யாணத்தோடு காதல் படம் முடிந்துவிடும் என்ற வழக்கத்தை உடைத்ததற்காக, 2000 ஏப்ரலில் வந்த ‘அலைபாயுதே’யை இன்றும் கொண்டாடுகிறோம். தாலி ஏறிய பிறகு வரும் சச்சரவை மணிரத்னம் அவ்வளவு உண்மையாகக் காட்டினார்; அந்தப் புகழ் அவருக்குத் தகும். ஆனால் படத்தின் இரு பாதிகளையும் சேர்த்து யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. பிற்பாதியில் நாயகன் கார்த்திக்கின் பெரிய குறை, மனைவி சக்தி சொல்வதைக் காதில் வாங்காததுதான். அவள் அப்பா உடம்பு முடியாமல் கிடக்கும்போது போய்ப் பார்க்கத் தயங்குகிறான். போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிடுகிறார். படமே இதைத் தவறு என்கிறது. முற்பாதியிலும் அவன் இதே ஆள்தான். மின்சார ரயிலில் அவள் பின்னாலேயே வருகிறான்; அவள் தட்டிக்கழித்தாலும் விடுவதில்லை. குடும்பங்கள் சந்தித்து மனம் கசந்த பிறகு அவள் ஒதுங்கிக் கேரளத்துக்கு மருத்துவ முகாமுக்குப் போகிறாள்; அங்கேயும் தேடிப் போகிறான். கணவனிடம் குற்றமாகத் தெரிகிற பிடிவாதம் காதலனிடம் அழகாகத் தெரிகிறது. ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டும் மாதவனின் சிரிப்பும் நம்மைக் கேள்வி கேட்க விடுவதில்லை.

சக்திக்கும் அவனைப் பிடித்திருக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஷாலினியின் சக்தி சுயபுத்தியுள்ள பெண். ஆனால் அவள் மனசு நமக்கு எப்படித் தெரிகிறது? பி.சி.ஸ்ரீராமின் கேமரா அவள் மறைக்கும் புன்னகையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. தவிர, ஸ்டேஷனில் மனைவிக்காகக் காத்திருக்கும் கணவனின் நினைவாகத்தான் அந்த ரயில் நாட்கள் வருகின்றன. அவள் சம்மதித்துவிட்டாள் என்பது தெரிந்த பிறகே அவன் துரத்துவதைப் பார்க்கிறோம். குறுக்கே கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே அடைபட்டுப் போகிறது. உன்மேல் ஆசைப்படவில்லை, ஆனால் ஆசை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்ற பொருளில் அவன் பேசும் வசனத்தை ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. அங்கேகூடப் பயப்படுவது அவன்தான். நிஜ வாழ்க்கையில் மணவாள நகரிலிருந்து திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு வந்து சென்னைக்கு ரயிலேறும் பெண்ணுக்கோ தினமும் அதே நேரம், அதே வண்டி. தொடர்ந்து வருபவனுக்கு அவள் வரும் வேளை தெரியும். அவளால் வேலையின் நேரத்தை மாற்ற முடியாது. அவள் உள்ளுக்குள் சிரிக்கிறாளா, நடுங்குகிறாளா என்று காட்ட அங்கே கேமராவும் இல்லை.

அந்தக் காலத்துப் படத்தை இன்றைய சட்டம் கொண்டு அளக்கலாமா என்பது இன்னொரு வாதம். பின்தொடர்வதைத் தனிக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவு 2013இல்தான் வந்தது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. என்றாலும் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ்டீசிங்கால் உயிரிழந்து, தமிழ்நாடு அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது 1998இல். படம் வருவதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு. ஆகவே அந்த அச்சத்தை நகரம் அப்போதே அறிந்திருந்தது. படத்தின் கடைசியில், ஆஸ்பத்திரிக் காட்சியில், கணவனாகத் தான் தவறிய இடங்களைக் கார்த்திக் உணர்கிறான். அந்த உணர்வு ரயில் நாட்கள்வரை போகவில்லை. அவற்றைப் படம் இனிய நினைவாகவே விட்டுவைக்கிறது.