பழைய ஜீப்புக்கு எதில் முதல் செலவு?

ஜீப்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதில் பின்னால் உட்காரப் போவது நம் குழந்தைகள்தான். பட்டறைக்குப் போகிற பணமும் நாம் மிச்சம் பிடித்த பணம்தானே!

எங்கள் வண்டி 1994-ஆம் வருஷத்து மஹிந்திரா எம்.எம். 540. டீசல் என்ஜின், வேண்டும்போது நாலு சக்கரமும் இழுக்கும், மேலே தார்ப்பாய்க் கூரை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்கு உரம் ஏற்றிப் போக மாமனார் வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு, "காயலான் கடைக்குப் போட்டுடலாமா?" என்று பேச்சு வந்தது. புதுக் கார் வாங்க வசதியில்லை. லீவு விட்டால் குழந்தைகளை எங்காவது கூட்டிப் போயாக வேண்டும். இதையே சரி செய்துகொண்டு ஊர் சுற்றலாம் என்று முடிவு செய்தோம். வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி என்று காட்டு வழியாகவே சாலக்குடி வரை போய், பாலக்காடு வழியாகத் திரும்புவது எங்கள் முதல் திட்டம்.

திட்டம் போட்ட அன்றே இவர் ஒரு லிஸ்ட் எழுதிவிட்டார். அகலமான டயர், முன்னால் இரும்புக் கம்பி, கூரை மேல் நாலு விளக்கு, சேற்றில் மாட்டினால் இழுக்க வின்ச். கூட்டிப் பார்த்தால் மாதம் இரண்டாயிரமாக நான் கட்டிவரும் சீட்டுப் பணம் முழுக்க அதற்கே சரி! நான் ஒன்றுதான் கேட்டேன்: "இதெல்லாம் வண்டி போறதுக்கு. நிக்கறதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது பெரிசில்லை, பழைய டீசல் வண்டி முக்கி முனகி ஏறிவிடும். இறக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகும், சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். போதாததற்கு இந்த பிரேக் ஆயில், திறந்து வைத்த அப்பளம் நமத்துப்போகிற மாதிரி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்து, குழாயில் ஆவி உண்டாகி, பெடல் பொசுக்கென்று தரைக்குப் போய்விடும். வண்டி ஓடினாலும் ஷெட்டில் தூங்கினாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை முழுசாக மாற்றிவிட வேண்டும். குறைந்ததை ஊற்றி நிரப்பினால் போதாது. குறைகிறது என்றாலே எங்கோ கசிகிறது அல்லது தேய்கிறது என்று அர்த்தம்.

எங்கள் மெக்கானிக் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்து, மிதிக்க லேசாக இருக்க பூஸ்டரும் பொருத்தினார். வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது இது. பூஸ்டருக்கு உயிர் கொடுப்பது டைனமோவோடு சேர்ந்து சுற்றும் ஒரு சின்ன வேக்வம் பம்ப். என்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் நம் ஊரில் பல பேருக்கு உண்டு. நாலு மிதியில் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்! எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசலும் பெரிசாகச் செலவாகாது. உங்கள் வீட்டுக்காரர் உருட்டுகிறவரானால் இதைச் சொல்லுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் நாலு எண்கள் அச்சிட்டிருக்கும். 2318 என்றால் 2018-இல் 23-ஆவது வாரம் செய்தது. தோப்பு வண்டி அதிகம் ஓடாததால் தேயாமலே வயசாகிப் பக்கமெல்லாம் வெடித்திருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதுதான் வீட்டிலேயே மூத்தது.

முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியை நான் அடியோடு மறுத்தேன். மோதலில் குறுக்கே வந்தவரின் காலை அது நொறுக்கும். மத்திய போக்குவரத்து அமைச்சகமும் 2017 டிசம்பரில் இவற்றைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

பிரேக் வேலை முடிந்ததும் ஒத்திகையாக ஆழியாறு அணை வரை போய் வந்தோம். பின்னால் உட்கார்ந்த சின்னவளுக்குத் தலைவலி, வாந்தி. "பித்தம் அம்மிணி, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடு" என்றார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பொள்ளாச்சியிலிருந்து அணை வரை ஒரு வளைவுகூட ஏறவில்லையே! முன்னால் உட்கார்ந்த பெரியவன் சிரித்துக்கொண்டிருந்தானே!

மறுநாள் வண்டியைப் பட்டறையில் தூக்கிப் பார்த்தால் சைலன்ஸர் ஜாயின்ட்டில் ஓட்டை, தளத் தகட்டில் துருப்பிடித்த ஓட்டைகள் வேறு. இன்னொன்றும் உண்டு. ஓடுகிற வண்டியின் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறைந்திருக்கும். பின் படுதாவைச் சுருட்டிவிட்டு முன்பக்கத்தை மூடிக்கொண்டு போனால், வெளியே போன புகை திரும்ப உள்ளே வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும். சைலன்ஸரை மாற்றினோம், புகைக்குழாயை பாடிக்கு வெளியே நீட்டினோம், ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்தோம். இப்போது பின் படுதா மூடியே இருக்கும், காற்று முன்னாலிருந்து வரும். அப்புறம் சின்னவள் வால்பாறை வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

வண்டிக்குள் தலைவலி, குமட்டல், இறங்கி நின்றால் தெளிவு என்றால் முதலில் புகையைச் சந்தேகியுங்கள். மயக்கமோ உளறலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி குளிருக்காக என்ஜினை ஓடவிட்டு மூடிய வண்டிக்குள் தூங்கவே கூடாது.

அடுத்த செலவு சீட்டுக்கு. பழைய ஜீப்பில் பின்னால் எதிரும் புதிருமாக ரெண்டு பெஞ்ச், பெல்ட் கிடையாது. சடன் பிரேக் போட்டால் குழந்தை பந்து மாதிரி முன்னால் வந்து விழும். மடியில் வைத்துக்கொண்டால் போதாது. அந்த இழுப்பில் எந்தத் தாயின் கையும் தாங்காது. 2019-இல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். முன்னோக்கிய சீட்டும் பெல்ட்டும் வைக்கச் சொன்னேன். போல்ட்டை வெறும் தகட்டில் முடுக்கினால் பிய்ந்துகொண்டு வந்துவிடும். அடியில் கனமான இரும்புப் பட்டை கொடுத்து சாஸியோடு சேர்க்க வேண்டும். சீட்டு, பிரேக் எதை மாற்றுவதானாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டுமில்லையா? 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு அடுத்தது 2029-இல்.

மற்ற பராமரிப்பெல்லாம் வீட்டு வேலை மாதிரிதான். காலையில் வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று வாசல் பெருக்கும்போதே பார்த்துவிடுவேன். ரேடியேட்டர் ஹோஸை விரலால் அமுக்கினால், நொறுநொறுவென்றோ கூழாகவோ இருந்தால் மாற்றும் வேளை வந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆறின பிறகு, தடித்த துணி போட்டுத்தான். சேற்றிலோ ஆற்றிலோ இறங்கி வந்தால், ஸ்பிரிங் ஷேக்கிளுக்கும் புரொபெல்லர் ஷாஃப்ட் க்ராஸுக்கும் கிரீஸ் அடிக்க இவரை விரட்டுவது என் பொறுப்பு.

சாமான் கனமானதெல்லாம் தளத்தில். அரிசிப் பையும் தண்ணீர்க் கேனும் கூரை மேல் ஏறினால் வளைவில் வண்டி சாயும். கூரைக்குப் போர்வை, தலையணை போதும். கூடவே ஒரு ஃபேன் பெல்ட், ரெண்டு ஹோஸ், இரும்புக் கம்பிச் சுருள், சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க ரெண்டு மரக்கட்டை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதால் ஓட்டல் செலவு ஒரு வேளைதான். லிட்டருக்குப் பத்து பதினோரு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது எங்கள் கிழட்டு ஜீப், அங்கேதான் இப்படிச் சாப்பாட்டில் பிடித்ததை விடுகிறோம்.

இவருடைய லிஸ்டில் கூரை விளக்கு இன்னும் பாக்கி. இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவதால் அதற்கு அவசரமில்லை. இந்த வருஷச் சீட்டுப் பணம் ஸ்டீயரிங் வேலைக்கு.