நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டியிருந்தால்: எம்.ஆர்.ஐ. எதைக் காட்டும்?

குழந்தை பிறந்த சற்று நேரத்தில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்து வெளியேறுவது இயல்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய படலமே அதற்கு வழிவிடுகிறது. முந்தைய சிசேரியன் தழும்பின்மீது நஞ்சுக்கொடி வளரும்போது, அவ்விடத்தில் அப்படலம் சிதைந்திருக்கக்கூடும். அப்போது நஞ்சுக்கொடி தசையோடு ஒட்டிக்கொள்கிறது. சிலருக்குத் தசைக்குள் ஊடுருவுகிறது. அரிதாகக் கருப்பையைக் கடந்து சிறுநீர்ப்பையையும் எட்டுகிறது. இவற்றை முறையே அக்ரீட்டா, இன்க்ரீட்டா, பெர்க்ரீட்டா என்பர்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் பாய்கிறது. ஒட்டிய நஞ்சுக்கொடியை அறியாமல் பிரித்தெடுக்க முயன்றால், தாயின் உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்கு ஏற்படலாம். ஆகவே முன்கூட்டியே அறிவது இன்றியமையாதது.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பவர்களுள், முன்பு ஒரு சிசேரியன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கும், இருமுறை செய்துகொண்டவர்களில் சுமார் 40 பேருக்கும் இந்நிலை இருந்ததாக 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது.

முதற்சோதனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே. பலருக்கு அதுவே போதும். நஞ்சுக்கொடி கருப்பையின் பின்சுவரில் அமைந்திருந்தாலோ, ஊடுருவலின் ஆழம் தெளிவாகாவிட்டாலோ எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கிறோம். இதில் எக்ஸ்-ரே கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கடோலினியம் எனும் ஊசிமருந்தைப் பொதுவாகத் தவிர்க்கிறோம். படுக்கையில் இடப்பக்கம் சாய்ந்து, ஏறக்குறைய அரை மணி நேரம் அசையாமலிருக்க வேண்டும். சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருந்தால் அதன் சுவர் தெளிவாகத் தெரியும். இயந்திரத்தின் ஓசை பலமாக இருப்பதால் காதுகளுக்குக் காப்பு அளிக்கப்படும்.

நஞ்சுக்கொடியினுள் கரும்பட்டைகள், கருப்பைச் சுவரின் புடைப்பு, தசையடுக்கு மெலிதல் ஆகியவற்றைப் படங்களில் தேடுகிறோம். எனினும் எம்.ஆர்.ஐ. பிழையற்ற தீர்ப்பன்று. இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் காட்டக்கூடும். எனவே ஸ்கேன், முந்தைய அறுவை சிகிச்சை விவரம் ஆகியவற்றோடு சேர்த்தே முடிவெடுக்கிறோம்.

நோய் உறுதியெனக் கருதினால், பெரும்பாலும் 34 முதல் 36 வாரத்திற்குள் சிசேரியன் திட்டமிடப்படும். குழந்தையை எடுத்தபின் நஞ்சுக்கொடியைப் பிரிக்காமல் கருப்பையையே அகற்ற நேரிடலாம். இனிக் கருத்தரிக்க இயலாது என்பதை ஏற்பது எளிதன்று. அதனால்தான் இதனை அறுவை அரங்கின் வாயிலில் அல்லாது, சில வாரங்களுக்கு முன்பே தாயுடனும் குடும்பத்தாருடனும் அமர்ந்து பேச விரும்புகிறோம். கருப்பையைக் காக்கும் வழி தங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அப்போது தயங்காமல் கேளுங்கள்.

முந்தைய பிரசவச் சீட்டுகளை உடன் கொண்டுவாருங்கள். இரத்ததானம் செய்ய முன்வரும் உறவினர்களை முன்னதாகவே இரத்த வங்கிக்கு அனுப்பிவையுங்கள். சிறிதளவு இரத்தம் கசிந்தாலும், வலி இல்லையெனினும், விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.